தாளில் பார்த்த நாரை

போன மாதம் எம்மா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் வேலை பார்த்த வனவிலங்குக் காப்பகத்தில் இப்போது என் இடத்தில் இருக்கிற பராமரிப்பாளர் அவள். ஈரநிலப் பறவைகளின் கூடங்களில் எல்லாம் கமரா பூட்டிவிட்டார்களாம். ஓவியர்கள் இனி உள்ளே வரத் தேவையில்லை. வீட்டிலிருந்தே திரையில் பார்த்து வரையலாம். முந்தைய நாட்களில் அவர்கள் உள்ளே வந்தபோது எப்படி இருந்தது என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கிறார்கள், எழுதித் தரமுடியுமா என்றாள்.

ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகு வாசித்தபோது அது ஓர் அறிக்கையாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது; நடந்தது மட்டும் அதில் இல்லை. ஆகவே மறுபடியும் தமிழில் எழுதுகிறேன். எம்மாவால் இதை வாசிக்க முடியாது. பரவாயில்லை.

ஊரில் நான் அரசாங்க மிருக வைத்தியசாலை ஒன்றில் உதவியாளராக இருந்தவன். மெல்பேர்ன் வந்ததும் டண்டினொங்கில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றேன். அது மூடப்பட்டதும், நகருக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் இருந்த காப்பகத்தில் கூடு கழுவும் வேலை கிடைத்தது. கழுவினேன், மாலையில் படித்தேன், சான்றிதழ் எடுத்தேன். வொம்பட், கங்காரு, கிளிகள் என்று சுற்றி வந்து கடைசியில் ஈரநிலப் பறவைகளிடம் வந்து சேர்ந்தேன். இந்த நான்கு வரிக்குள் என் தலைமுடி நரைத்துவிட்டது.

தலைமைப் பராமரிப்பாளர் ரஸல். நெடிய மனிதர். பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோலத்தான் எப்போதும் பேசுவார். பாராட்டத் தெரியாது, ஏசவும் தெரியாது. நான் ஒரு வேலையைப் பிழையாகச் செய்தால், என் கையிலிருந்ததை வாங்கி, தொடக்கத்திலிருந்து தானே செய்து காட்டுவார். ஒரு சொல் சொல்லமாட்டார். வேலை சரியாக இருந்தால் நிற்காமல் கடந்து போவார். அவர் நிற்காமல் போன நாட்கள் எனக்கு நல்ல நாட்கள்.

கூடத்துக்குள் நுழைவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் வெளியே நின்று பறவையைப் பார்க்கவேண்டும், அதன் மனநிலை பிடிபடும்வரை. பிறகு கிருமிநாசினித் தட்டில் காலில் போட்ட சப்பாத்தை நனைக்கவேண்டும். வெளிக்கதவைச் சாத்திய பிறகுதான் உட்கதவைத் திறக்கலாம். இடது கையில் உணவுத் தட்டு, வலது கையில் தரை கூட்டும் தும்புத்தடி, தும்பு மேலே பார்த்தபடி. அப்போது நாம் உயரமாகத் தெரிவோம். உள்ளே போனதும் பறவையைப் பார்க்கக்கூடாது. தரையைப் பார்க்கவேண்டும்: எச்சத்தின் நிறம், விழுந்த இறகு, மிஞ்சிய தீனி, காலடி.

"பறவை தன் நோயை மறைக்கும். தரை மறைக்காது" என்றார் ஒருமுறை. அவர் என்னிடம் சொன்ன மிக நீளமான அறிவுரை அதுதான்.

செவ்வாயும் வியாழனும் ஓவியர்களுக்கு அனுமதி இருந்தது. பலதரப்பட்டவர்கள் வந்தார்கள். ஒரு சிற்பி வொம்பட்டின் வளைக்கு முன்னால் காலையிலிருந்து குப்புறப் படுத்துக் கிடந்தார். வொம்பட் வெளியே வரவில்லை. அவர் அந்த வளையின் வாயை மட்டும் களிமண்ணில் செய்துகொண்டு சந்தோஷமாகப் போனார். கறுப்புக் கொக்கட்டூக் கிளியின் வாலிலுள்ள சிவப்பைப் பிடிப்பதற்காக ஒரு பெண் மாரிகாலம் முழுவதும் வந்தார். வேலை முடிகிற வேளையில் அவர்கள் வரைந்ததை நான் எட்டிப் பார்ப்பேன். நாள்முழுக்க நான் பார்த்த பிராணியை இன்னொருவர் எப்படிப் பார்த்தார் என்று அறிவதில் எனக்கு ஓர் ஆசை இருந்தது.

இனி நாரைக்கு வருகிறேன்.

இங்கே அதை புரொல்கா என்பார்கள். சாம்பல் நிறம், என் நெஞ்சளவு உயரம், தலையில் பின்பக்கமாகச் சிவப்புத் துணி சுற்றியதுபோல ஒரு பட்டை. ஜோடிகளாக ஆடுவதுதான் அதன் பெருமை. எங்களிடம் வந்த பெட்டையை ஒரு பண்ணைக் குடும்பம் முட்டையிலிருந்து எடுத்து வளர்த்திருந்தது. கண் திறந்ததும் கண்டது மனிதரை. ஆகவே அது தன்னை மனிதர் இனம் என்றே நினைத்தது. பெயர் வைக்க ரஸல் விடமாட்டார். காலில் நீல வளையம் இருந்ததால் 'நீலம்' என்று அழைத்தோம். ரஸல் 'அது' என்பார். நான் வாயால் 'அது' என்றும் மனதுக்குள் 'அவள்' என்றும் சொல்வேன்.

மற்றப் பராமரிப்பாளர்களை அவள் கொத்தித் துரத்தினாள். என்னிடம் வந்து, ஒரு காய்ந்த புல்லை அலகால் எடுத்து மேலே எறிந்து, அது விழுமுன் பிடித்துக் குனிந்தாள். பிறகு சிறகை விரித்து எழும்பிக் குதித்தாள். நான் தும்புத்தடியோடு திகைத்து நின்றேன்.

வேலிக்கு அப்பால் ரஸல் நின்றார். "உன்னை ஜோடியாக எடுத்திருக்கிறது" என்றார். "நீயும் ஆடு. ஆடாவிட்டால் கால் நகத்தைப் பார்க்க விடாது."

திருமண வீடுகளில் கையைப் பிடித்து இழுத்தாலும் ஆடாதவன் நான். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் ஆடினேன். குனிந்து, கையை விரித்து, பாரமான சப்பாத்தோடு குதித்து. அவள் எக்காளம்போலக் கூவுவாள். ஆட்டம் முடிந்தால் ஆறுதலாக நின்று காலைத் தருவாள்.

அந்த நாட்களில் ரோவில் என்ற புறநகரில் இருந்த வீட்டில் நான் தனியாக இருந்தேன். மகளுக்கு சிட்னியில் குழந்தை பிறந்ததும் என் மனைவி இந்திராணி உதவிக்குப் போனாள். திரும்பி வருகிற நேரத்தில் இரண்டாவது குழந்தை. மகளும் மருமகனும் வேலை. இந்திராணி இல்லாமல் அந்த வீடு நடக்காது. எனக்கு வேலையை விட முடியாது. சண்டையில்லை, கோபமில்லை. பின்னேரங்களில் தொலைபேசியில் பேசுவோம். பின்னால் குழந்தைகள் கத்துவார்கள். "பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாள். எனக்கு ஒரு கோப்பை, ஒரு கரண்டி. குசினியில் கழுவி வைத்துவிட்டு, காலையில் ஒரு பறவையோடு ஆடப் போவேன். அந்த ஆட்டத்தைத் தவிர, ஒரு நாளில் இன்னோர் உயிர் என்னைக் கண்டு சந்தோஷப்படுவது வேறெங்கும் நடக்கவில்லை.

யோகராணி வந்தது அப்போதுதான். வன்னியில் சித்திர ஆசிரியையாக இருந்தவர். படகில் வந்து, தற்காலிக விசாவில், டண்டினொங்கில் கீரை பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஏதோவொரு கலைக் குழுவின் மூலம் வரைய அனுமதி வாங்கியிருந்தார். டண்டினொங்கிலிருந்து ரோவில் வரை பஸ். அங்கிருந்து காப்பகத்துக்கு நான் காரில் கூட்டிப் போவேன். நான் அவரை ரீச்சர் என்றேன். அவர் என்னை அண்ணை என்றார்.

முதல் வியாழக்கிழமைகளில் அவர் நாரையின் கால்களை மட்டுமே வரைந்தார். மலிவான தாள்சுருள், ஒரு தூரிகை, கறுப்பு மை. அந்நியரைக் கண்டால் நீலம் விறைத்து நிற்பாள். ஆடமாட்டாள்.

"அண்ணை, இது ஆடுமெண்டு சொன்னவை" என்றார் ரீச்சர்.

"ஆடும். ஆனா நான் ஆடினாத்தான் ஆடும்."

"அப்ப ஆடுங்கோவன்."

எனக்கு முகம் சுட்டது. வெள்ளைக்காரர் முன்னால் ஆடுவது வேறு. "ரீச்சர், எங்கட சனம் கேள்விப்பட்டா நான் ரோவிலில தலைகாட்ட ஏலாது."

"நான் கொக்கைத்தானே கீறப்போறன். உங்களையே கீறப்போறன்?" என்று சொல்லிவிட்டு அவர் தாளை விரித்தார்.

ஆடினேன். தூரிகை ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. முடிந்தபோது தாள்கள் முழுக்க நாரைகள். என்னைப் பார்த்துக் குனிகிற, எழும்புகிற நாரைகள். நான் நின்ற இடம் வெள்ளையாக இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்.

வரைந்துகொண்டே ஒருநாள் சொன்னார்: "மகன் ஊரில என்ர அக்காவோட. இந்த விசாவில நானும் போக ஏலாது, அவனும் வர ஏலாது. வீடியோவில கதைக்கிறான். இப்ப குரல் உடைஞ்சிட்டுது." தூரிகை நிற்கவில்லை.

யாரோ எங்களைக் காரில் கண்டு சிட்னிக்குச் சொல்லிவிட்டார்கள். இந்திராணி எடுத்தாள்.

"ஆரோ ஒரு பொம்பிளையைக் காரில ஏத்திக்கொண்டு திரியிறியளாம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் கால் வரைந்ததிலிருந்து, மகன்வரை.

"அந்தப் பிள்ளைக்குச் சாப்பிட ஏதும் குடுக்கிறனீங்களே?" என்றாள்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் இரண்டு பேருக்குப் புட்டு அவித்தேன்.

அடுத்த வசந்தத்துக்கு முன் வேறொரு காப்பகத்திலிருந்து ஓர் ஆண் புரொல்கா வந்தது. எங்கள் மாநிலத்தில் இந்தப் பறவைகள் குறைந்துவிட்டன. நீலம் ஜோடி சேர்ந்து குஞ்சு பொரித்தால் அது பெரிய காரியம். ஆனால் மனிதனை ஜோடியாக வைத்திருக்கிற பறவை இன்னொரு பறவையைப் பார்க்காது. ரஸல் என்னைத் தீவன அறைக்கு அழைத்தார்.

"இன்றிலிருந்து நீ அந்தப் பக்கம் போகக்கூடாது. உன் குரல் அங்கே கேட்கக்கூடாது. பாதையைக்கூட மாற்று. உன் நடை அதற்குத் தெரியும்."

ஒரு கம்பிவலைக்கு இப்பால் நீலம், அப்பால் ஆண். சாம்பல் நிறச் சாக்குப்போன்ற உடுப்பைத் தலையிலிருந்து முழங்கால்வரை போர்த்தி, முகம் தெரியாமல், ரஸல் தானே தீனி வைத்தார். எனக்கு மறுகோடியில் தீவன அறையில் வேலை தந்தார். மீன் வெட்டுவதும் தானியம் நிறுப்பதும்.

அங்கே இருந்தாலும் அவள் கூவுவது கேட்டது. நான் வழக்கமாகப் போகும் நேரத்தில் கூவுவாள். நிறுத்துவாள். பதிலுக்குக் காத்திருப்பதுபோல ஓர் இடைவெளி. திரும்பக் கூவுவாள். நான் மீன் வெட்டுவேன்.

ஓவியர்களில் ரீச்சருக்கு மட்டும் அனுமதி தொடர்ந்தது. கூடத்தருகே பலகையால் அடைத்த ஒரு மறைவுக்குடில் உண்டு. ஒரு நீட்டுத் துவாரம் வழியாகப் பார்க்கலாம். சத்தமில்லாமல் நாள்முழுக்க இருக்க அவரால் முடியும் என்பது ரஸலுக்குத் தெரிந்திருந்தது. அப்போது கமரா இல்லை. ஆகவே என் நாரையை நான் வியாழக்கிழமை பின்னேரங்களில், தீவன அறையின் தகர மேசையில், மை காயாத தாள்களில்தான் பார்த்தேன்.

முதல் வாரம் அவள் வேலியோரம் நடந்துகொண்டிருந்தாள். ஒரே தாளில் பத்துப் பன்னிரண்டு நாரைகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. இரண்டாம் வாரம் நின்றுகொண்டிருந்தாள். அதற்கடுத்த வாரம் கழுத்து உடம்புக்குள் புதைந்திருந்தது. மார்பெலும்பு துருத்திய இடத்தில் ரீச்சர் ஒரு கூரான கோடு போட்டிருந்தார்.

"இவ்வளவு மெலிஞ்சிட்டாளோ? கொஞ்சம் கூட்டிக் கீறினீங்களோ?"

"இல்லை அண்ணை. இருக்கிறதைத்தான் கீறினனான். குறைச்சுக் கீறவோ எண்டு யோசிச்சனான். பிறகு விட்டிட்டன்."

ஆண் பறவை எங்கே என்று கேட்டேன். தாளின் மூலையில் பெருவிரலளவு ஒன்றைக் காட்டினார். "அவர் தூரத்தில மேயிறார். இவ திரும்பியும் பாக்கிறேல்ல."

ஒரு புதன்கிழமை ரஸல் தீவன அறைக்கு வந்து, ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் கண்டதில்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"எடை இன்னும் இறங்கினால் மிருக வைத்தியர் நிறுத்தச் சொல்வார். உன்னை இப்போது உள்ளே அனுப்பினால் இன்றைக்கே சாப்பிடும். எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

"அப்படியென்றால் அனுப்புங்கள்."

"நீ இன்னும் எத்தனை வருடம் வேலை செய்வாய்?"

ஓய்வுக்கு விண்ணப்பிக்கும் வயது எனக்கு வந்திருந்தது.

"நாங்கள் இருவரும் போன பிறகும் அது நெடுங்காலம் இருக்கும்" என்றார். "நாளைப் பின்னேரம் சொல். நீ சொல்கிறபடி செய்வேன்." தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த முடிவை ஏன் என்னிடம் விட்டார் என்று அன்று அவர்மேல் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் இந்திராணிக்கு எடுத்தேன். மூத்த பேரன் காய்ச்சலில் இருந்தான். அவளால் பேச முடியவில்லை.

வியாழன் மழை. ரீச்சர் காலையிலிருந்து குடிலுக்குள். நான் மீனை வெட்டி, பெட்டியில் அடுக்கி, மேசையைக் கழுவி, கழுவிய மேசையையே திரும்பக் கழுவினேன். அவள் கூவவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உள்ளே போவதென்று முடிவெடுத்துவிட்டேன். சப்பாத்தையும் மாற்றிவிட்டேன்.

ரீச்சர் நனைந்துகொண்டு வந்தார். சுருளைச் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தார். மேசையில் விரித்தார். நான் பார்த்தது அதே புதைந்த கழுத்து, அதே கூரான மார்பு.

"போறன் ரீச்சர். பாத்துக்கொண்டு இருக்க ஏலாது."

"கொஞ்சம் பொறுங்கோ. இதைப் பாருங்கோ." அவர் கடைசித் தாளை எடுத்தார். "உடம்பு எந்தப் பக்கம்?"

"பாதைப் பக்கம். என்ர பக்கம்."

"ஓம். காலும் உங்கட பக்கம்தான். கழுத்தைப் பாருங்கோ."

கழுத்து வெளியே நீண்டிருந்தது. பின்புறமாக, வலையின் பக்கம் திரும்பியிருந்தது. வலைக்கு அப்பால், மூலையில் இருந்த பெருவிரலளவுப் பறவை இப்போது ஒரு கையளவில், கிட்ட நின்றது.

"எவ்வளவு நேரம் திரும்பி நிண்டவ?"

"நான் தூரிகையைத் தோய்ச்சு எடுக்கிற நேரம். பிறகு திரும்பவும் உங்கட பக்கம்." ரீச்சர் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். "திரும்பினதை நான் கண்டனான் அண்ணை. இல்லாததை எனக்குக் கீறத் தெரியாது."

அந்தத் தாளின் முன்னால் நான் நின்றேன். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவள் என்னை விட்டுத் திரும்பியதைப் பார்க்கிறேன். அதற்காகத்தான் எல்லோரும் காத்திருந்தோம். சந்தோஷம் என்று சொன்னால் அது பொய்.

ரஸல் வந்தார். "உள்ளே போகவில்லை" என்றேன். தாளைக் காட்டினேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "ஞாயிறுவரை பார்க்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஒன்றும் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் ரஸல் சாக்கு உடுப்போடு வந்து, நீலத்தின் தீனித் தட்டை என் முன்னால் மேசையில் வைத்தார். அது வெறுமையாக இருந்தது. அவர் நிற்காமல் கடந்து போனார். நான் அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவிழ்ந்திருந்த வாளியில் உட்கார்ந்தேன்.

அதன்பின் வந்த தாள்களை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. வலையின் இரு பக்கமும் நின்ற இரண்டு பறவைகள். வலை எடுக்கப்பட்ட நாளில் அவள் அவனைத் துரத்திய துரத்தல். தாள் முழுக்க மை தெறித்திருந்தது. பிறகு தண்ணீரில் அருகருகே நின்றது. பிறகு ஒரு வியாழன், ரீச்சர் சுருளை விரிக்காமல் சிரித்துக்கொண்டு நின்றார்.

விரித்தபோது இரண்டு பேரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு எதிரே வெள்ளை இல்லை.

"என்னைவிட நல்லா ஆடுறாரோ?" என்று கேட்டேன்.

"உயரமாப் பாயிறார் அண்ணை, வேற ஒண்டுமில்லை" என்றார் ரீச்சர். அது என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னது. கோடுகளைப் பார்த்தால் தெரியும். அவன் நன்றாக ஆடினான்.

டண்டினொங்கில் ஒரு மண்டபத்தில் அந்தத் தாள்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். தனியாகப் போனேன். நான் ஆடிய நாட்களின் படத்தின் முன்னால் ஒரு வயதான தம்பதி நின்று, இந்தப் பறவை யாரைப் பார்த்து ஆடுகிறது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். காற்றோடு விளையாடுகிறது என்றார் மனைவி. நான் பக்கத்தில் கடதாசிக் கோப்பையில் தேநீரோடு நின்றேன். சொல்ல நினைத்தேன். அடுத்த படத்துக்கு அவர்கள் நகர்ந்துவிட்டார்கள்.

நான் ஓய்வு பெற்ற வருடம் நீலத்துக்கு ஒரு குஞ்சு. வேலையிலிருந்து நின்ற பிறகு, சிட்னிக்குப் புறப்படுமுன், பார்வையாளர் பாதையில் போய் நின்று பார்த்தேன். அவ்வளவு நாளுக்குப் பிறகு அப்போதுதான் அவளை நேரில் காண்கிறேன். மண்ணிறக் குஞ்சு அவள் காலடியில் நின்றது. என்னைக் கண்டதும் சிறகை விரித்து, தலையைத் தாழ்த்தி, இரண்டடி முன்னால் வந்தாள். குஞ்சுக்கு அருகே வருகிற எவருக்கும் காட்டும் எச்சரிக்கை அது. நான் பின்வாங்கினேன். அவள் திரும்பிப் போனாள்.

இப்போது சிட்னியில் இருக்கிறேன். இந்திராணியோடு ஒரே வீட்டில். காலையில் அவள் சின்னவர்களைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டு, கடைக்குப் போய், கோயிலுக்குப் போய் வருவாள். அவளுக்கு இங்கே ஒரு வாழ்க்கை இருக்கிறது; நான் அதற்குள் வந்து நிற்கிற விருந்தாளி. பேரர்கள் நல்ல பிள்ளைகள். நான் தமிழில் கேட்பேன், அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள்.

ரீச்சருக்குக் கடைசியில் நிரந்தர விசா கிடைத்தது. கிடைத்ததும் ஊருக்குப் போனார். இரண்டு வாரத்துக்கு முன்பு அங்கிருந்து எடுத்தார். பின்னால் சேவல் கூவியது.

"மகன் எப்பிடி?" என்று கேட்டேன்.

"என்னைவிட ஒரு முழம் உயரம் அண்ணை. வீடியோவில வாயோயாமல் கதைக்கிறவன், நேரில கண்டவுடன அக்காவுக்குப் பின்னால போய் நிண்டிட்டான். அவ்வளவு வளந்த பிள்ளை."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்யிறது? கட்டிப்பிடிக்கப் போனா இன்னும் விலகுவான் எண்டு தெரியும். முற்றத்தில ஒரு கதிரையைப் போட்டு இருந்தன். அவன் சைக்கிள் துடைக்கிறான், நான் கீறுறன். அவன் சாப்பிடுறான், நான் கீறுறன். கிட்டப் போகேல்ல."

"பிறகு?"

"நேற்றுப் பின்னேரம் வந்து பின்னால நிண்டான். மூச்சுச் சத்தம் கேட்டது. நான் திரும்பேல்ல அண்ணை. கன நேரம் நிண்டு பாத்தான். பிறகு கையை நீட்டி, 'அம்மா, என்ர காது இவ்வளவு பெரிசோ?' எண்டு கேட்டான்."

அவர் சிரித்தார். பிறகு அழுதார். நான் தொலைபேசியைக் காதில் வைத்தபடி, அவர் அழுது முடியும்வரை இருந்தேன்.